அஞ்சு ஆள் சுவர்

இந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்குறீங்களா சார்? கீழ வச்சா பழம் நசுங்கிடும். மேல வச்சா அடுத்த ஸ்பீடு பிரேக்கர்ல யார் மண்டையிலயாவது வுழும். ஆங், அப்படித்தான். தேங்கா இல்ல சார் அது, பந்து. முட்டைப் பந்து. ரெண்டு பக்கமும் கூரா இருக்குதேன்னு பாக்குறீங்களா? செய்யத் தெரியாம செஞ்சது இல்ல, அதோட லட்சணமே அதான். அமெரிக்காவுல இதைத்தான் ஃபுட்பால்ங்கிறான். காலால ஒதைக்கிறது ரொம்பக் கம்மி, கையில தூக்கிக்கினு ஓடுறதுதான் ஜாஸ்தி. ஏன்னு என்னைக் கேக்காதீங்க. நான் தைக்கிறதோட சரி.

கலவைக்குத்தான் போறேன். ஒரு ஆளாண்ட இந்தப் பந்தைக் குடுக்கணும். குடுத்துட்டு அடுத்த பஸ்ல திரும்பிடுவேன். பழமா? வெத்தலை பாக்கா? அதெல்லாம் எங்கூட்டம்மா எடுத்தாந்தது. தோ, முன் சீட்டுல மல்லிப்பூ வச்சுகினு உக்காந்திருக்கறாளே, அவதான். சுலோச்சனா. அவ எதுக்கு எடுத்தாந்தாளோ, எனக்குத் தெரியாது. நான் பந்து குடுக்கத்தான் போறேன்.

என் பேரு நந்தகோபால். ராணிப்பேட்டையாண்ட ஒரு தோல் கம்பெனியில தையல் ஷெட்டு சூப்பர்வைசர். அமெரிக்காவுக்கு இந்தப் பந்தும், இந்த ஆட்டம் ஆடுறவன் தோள்மேல போட்டுக்கிற கவசமும் எங்க கம்பெனியில இருந்துதான் போவுது. தையல் ஒண்ணு கோணலா வுழுந்தாலும் ரிஜெக்ட்டு. ரிஜெக்ட்டு குடோன்ல குவிஞ்சு போச்சு. இன்னா பண்றதுன்னு பாத்து, ஷெட்டுக்கு ஷெட்டு டீம் போட்டு நீங்களே ஆடிக்கோங்கன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. தலைக்கு மட்டும் கவசம் இல்ல. பைக் ஹெல்மெட்தான். வருஷா வருஷம் காணும் பொங்கல் அன்னிக்கு ஃபைனல். ஊரே திரண்டு வரும் சார். ஆட்டம் புரிஞ்சு இல்ல. எவன் எவன்மேல வுழுறான்னு பாக்கிறதுக்கு.

ஆட்டத்தைச் சொல்லிடறேன், ஒண்ணும் கஷ்டம் இல்ல. பின்னால ஒருத்தன் பந்தை வச்சுகினு நிப்பான். அவன் அதைத் தூரமா வீசணும், அந்தாண்ட நம்மாளு பிடிக்கணும். எதிராளிங்க அவன் வீசறதுக்குள்ள ஓடியாந்து அவன்மேல வுழுவானுங்க. வுழாம தடுக்க முன்னால அஞ்சு பேரு சுவரு மாதிரி நிக்கணும். அதான் லைன். அந்த அஞ்சு பேருக்கும் பந்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சாவுற வரைக்கும் பந்தைத் தொட மாட்டான். ஆனா அவன் இல்லன்னா பின்னால நிக்கிறவன் காலி.

எங்க டீம்ல பின்னால நிக்கிறவன் என் பையன் லோகு. ஒரே பையன். போன வருஷம் எங்க லைன்ல நின்னது யாரு? பட்டன் வைக்கிற பையனுங்க. ஊதினா பறந்துடுவானுங்க. கட்டிங் ஷெட்டு ஆளுங்க எங்க லைனைக் கதவு தொறக்கிற மாதிரி தொறந்துகினு வந்து லோகு மேல வுழுந்தானுங்க. முன்பல்லு ஒண்ணு போச்சு. கட்டின பல்லு வச்சிருக்கான், சிரிச்சா தெரியாது. இருமினா தெரியும்.

இந்த வருஷம் தை மாசக் கடைசியில அவனுக்குக் கண்ணாலம் வச்சாச்சு. பொண்ணு சோளிங்கர். எங்கூட்டம்மா அன்னிக்கே தீர்ப்பு சொல்லிட்டா. "பையன் மணையில உக்காரும்போது ஒரு கீறல் இருந்தாலும், உங்களை மண்டபத்துக்குள்ள வுட மாட்டேன்"னு. ஆட வேணாம்னு சொல்லலாம்தான். ஃபைனலுக்கு சோளிங்கர்ல இருந்து சம்பந்தி வூட்டு ஆளுங்க வேன் வச்சுகினு வராங்களே சார்! மாப்பிள்ளை ஆட்டத்தைப் பாக்க! அவன் ஓரமா உக்காந்திருந்தா இன்னா நெனைப்பாங்க? ஆடவும் ஆடணும், அடியும் படக் கூடாது. நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க?

நான் யோசிச்சேன். யோசிக்கிறதுல நான் கொஞ்சம் கெட்டி. அமெரிக்காவுல இருந்து ஆர்டர் பாக்க வந்த ஆளு ஒரு தடவை சொல்லியிருந்தான். அங்க சீசன் முடிஞ்சா, ஒப்பந்தம் தீந்தவன் எல்லாம் சும்மா ஆளு. எந்த டீமு வேணாலும் போய்க் கூப்புட்டுக்கலாம். அவனுக்குப் பேரு ஃப்ரீ ஏஜென்ட்டு. புத்தியுள்ள டீமு எல்லாம் மொதல்ல லைனுக்குத்தான் ஆளு பிடிக்குமாம். இதை மேனேஜராண்ட சொன்னேன். அவரும், "சரிப்பா, வேற எங்கயும் வேலையில இல்லாத ஆளா இருந்தா, ஷெட்டுக்கு அஞ்சு பேரை வெளியில இருந்து எடுத்துக்கோ"ன்னுட்டாரு.

அப்பால கெளம்பினேன் பாருங்க. பொண்ணு பாக்கப் போனதுக்குக் கூட நான் அவ்ளோ அலைஞ்சது இல்ல. சந்தேகம்னா அவளையே கேளுங்க.

மொதல் ஆளு சம்பங்கி. ஆற்காட்டுல பிரியாணி மாஸ்டர் ஒருத்தராண்ட இருந்தவன். அடுப்புல இருந்து தேக்சா அண்டாவை ஒத்தை ஆளா எறக்குவான். உப்பு ஜாஸ்தின்னு மாஸ்டர் எல்லார் எதிர்லயும் சொல்லிட்டாருன்னு கோவிச்சுகினு வெளிய வந்துட்டான். அப்போ அவன் ஃப்ரீ ஏஜென்ட்டு தானே? அடுத்தது சாதிக் பாய். தோல் மண்டியில லோடு எறக்குறவரு. மண்டிக்கு அப்போ லீவு. நான் அவரு மேல என் டிவிஎஸ் வண்டியை மெதுவா மோதிப் பாத்தேன், டெஸ்ட்டுக்கு. "ஏன் பாய், உங்களுக்கு பிரேக் புடிக்கலையா?"ன்னு கேட்டாரு. அவரு நகரலை. எனக்கு ஹெட்லைட் போச்சு. அப்பால பலராமன், ஜெயராமன்னு ரெட்டைப் பசங்க. நெல்லு மில்லுல மூட்டை தூக்குறவனுங்க, அறுவடை வர்ற வரைக்கும் சும்மா. ஒருத்தனைக் கூப்புட்டா ரெண்டு பேரும் வருவானுங்க, அதனால தேடுற வேலை பாதியா கொறஞ்சுது. அஞ்சாவது கன்னியப்பன். அவன் இன்னா வேலை செய்யறான்னு யாருக்கும் தெரியாது, ஆனா ஆளு பீரோ.

சம்பளம்லாம் கிடையாது. மேட்ச் அன்னிக்கு வயிறு நெறையச் சோறு, ஜெயிச்சா ஆளுக்கு ஒரு ஜோடி ரிஜெக்ட்டு ஷூ. சோறு போட்டதுல எங்கூட்டம்மாவோட ரெண்டு மாச அரிசி போச்சுன்னு இன்னும் சொல்லிக்கினு இருக்கா. அதை வுடுங்க.

மொதல் மேட்ச்ல பாக்கணுமே! அஞ்சு பேரும் நின்னாங்க. ஷூவுக்கு அடி ஒட்டுற சோல் ஷெட்டு ஆளுங்க வந்து மோதினான், திரும்பிப் போனான், வந்து மோதினான், திரும்பிப் போனான். லோகு பின்னால நின்னு சாவகாசமா முடி கோதிக்கினான் சார். சட்டையில தூசு கூட ஒட்டலை. நான் ஓரத்துல நின்னு, "இதான்டா லைனு! இதான்டா லைனு!"ன்னு கத்தி தொண்டை கட்டிப் போச்சு. ஃபைனலுக்கு வந்துட்டோம்.

ஃபைனல் யாரோட? கட்டிங் ஷெட்டோட. அதுக்கு எல்லாமே எத்திராஜுன்னு ஒரு ஆளு. டீமை நடத்தறதும் அந்தாளுதான், தேவைப்பட்டா எறங்கி ஆடறதும் அந்தாளுதான். எங்க கஸ்தூரி அக்கா வூட்டுக்காரரு.

ஆமா சார், சொந்த அக்காதான். பேச்சு வார்த்தை இல்ல, ஒம்போது வருஷமா. நான் வூடு கட்டி கிரகப்பிரவேசம் வச்சேன். அந்தாளு வந்தாரு. மொதல் பந்தியில எடம் போட்டுத்தான் வச்சிருந்தேன். அந்தாளு கை கழுவப் போன நேரத்துல எவனோ வந்து அந்த எலையில உக்காந்துட்டான். நம்மூர்ல பந்தி எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா? சாப்புடறவன் சேருக்குப் பின்னாலயே அடுத்தவன் வந்து நிக்கிறான். நான் இன்னா, எலைக்குக் காவலா நிக்க முடியுமா? ரெண்டாம் பந்தியில உக்காருங்கன்னேன். வூட்டு மாப்பிள்ளையை ரெண்டாம் பந்தியில உக்கார வச்சுட்டானாம்! அக்காவை இட்டுகினு போனவருதான். அக்கா அழுதுகினே போச்சு. ஒரு எலைக்கு, சார். ஒரு வாழை எலைக்கு! நான் இன்னா தப்பு பண்ணேன், நீங்களே சொல்லுங்க.

இதுல எங்கூட்டம்மா வேற, "பையனுக்கு மொதல் நலங்கு அத்தைதான் வைக்கணும், போயி எத்திராஜ் அண்ணனை அழைச்சுட்டு வாங்க"ன்னு கார்த்திகையில இருந்து அனத்திக்கினு இருந்தா. நான் போவேனா? அந்தாளு பேச்சை எடுக்காதேன்னு சொல்லிட்டேன். அந்தாளு வந்தாரு போனாருன்னு என் வூட்டுல யாரும் பேசக் கூடாதுன்னுட்டேன்.

"பேசுறப்போ மட்டும் வந்தாரு போனாருன்னு மரியாதை."

கேட்டீங்களா? திரும்பாமயே பேசுறா பாருங்க. காது இங்கதான் இருக்குது.

ஃபைனலுக்கு நாலு நாளு முன்னால கன்னியப்பன் வந்து நிக்கிறான். கழுத்துல மாலை, கறுப்பு வேட்டி. "சாமி, நான் மலைக்குப் போறேன் சாமி, பொங்கல் கழிச்சுத்தான் வருவேன் சாமி"ங்கிறான். மாலை போட்டவனை இன்னா திட்டுறது? "போயிட்டு வாங்க சாமி"ன்னு அவன் கால்ல நானே வுழுந்துட்டேன். அப்போ அஞ்சாவது எடத்துக்கு யாரு? நான்தான். எனக்கு வயசு அம்பத்தி நாலு. ஆனா வெயிட்டு இருக்குதே சார், வீணாவா போவணும்?

காணும் பொங்கல். மைதானம் சுத்திக் கூட்டம். சோளிங்கர் வேன் வந்துடுச்சு. பொண்ணு வரலை, பொண்ணோட சித்தி, பெரியம்மா, அவங்களுக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் முறுக்கு டப்பாவோட உக்காந்துட்டாங்க. நாங்க லைன்ல நின்னோம். எதிர்ல பாத்தா கட்டிங் ஷெட்டு ஆளுங்களையே காணோம்! எல்லாம் புது ஆளு. நான் எடுத்த மாதிரியே அந்தாளும் வெளியில இருந்து ஆளு எடுத்திருக்காரு. அதுவும் எப்பேர்ப்பட்ட ஆளுங்க? எல்லாம் கெழவனுங்க! ஒருத்தருக்கு முட்டிக்குத் தைலம் தடவிக்கினு இருக்காங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இதுங்களையா என் லைனுக்கு எதிர்ல நிறுத்தறாருன்னு.

விசில் அடிச்சுது. சம்பங்கிக்கு எதிர்ல இருந்தவரு ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினாரு. யாரு? பிரியாணி மாஸ்டரு! அடுப்புப் பிடிக்கக் கத்துக் குடுத்த குரு. "உப்பு சரியாத்தான்டா இருந்துச்சு, நான்தான் அவசரப்பட்டுட்டேன்"னாரு. சம்பங்கி கண்ணுல தண்ணி. குனிஞ்சு கால்ல வுழுந்துட்டான். கெழவன் அவன் முதுகைத் தட்டிக் குடுத்துட்டு, அப்படியே தாண்டிப் போயி லோகுவைப் புடிச்சு இழுத்துட்டாரு.

அந்தாண்ட சாதிக் பாய்க்கு எதிர்ல அவரு பொண்ணைக் குடுக்கப் போற எடத்து சம்பந்தி. பாத்ததும், "அஸ்ஸலாமு அலைக்கும்"னு கட்டிப் புடிச்சாங்க பாருங்க, வுடவே இல்ல. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை, திரும்ப இந்தப் பக்கம் ஒரு தடவை. அந்த சந்துல ரெண்டு பேரு பூந்து ஓடறான். ரெட்டைப் பசங்களுக்கு எதிர்ல ஒத்தை ஆளு. ரெண்டு பேருக்கும் ஒரே ஆளு போதுமாம்! யாருன்னா, திமிரி ஊர்ல இருக்கிற ஒரு பெரியவரு. அவருக்கு ரெண்டு பொண்ணு. இவனுங்க ரெண்டு பேரும் அந்த ரெண்டு பொண்ணையும் கேட்டு ஆளு வுட்டிருக்கானுங்க, அவரு இன்னும் பதில் சொல்லலை. பலராமன் "இப்படி வாங்க"ன்னு இந்தப் பக்கம் வழி வுடறான், ஜெயராமன் "அங்க கல்லு இருக்கு, இப்படி வாங்க"ன்னு அந்தப் பக்கம் வழி வுடறான். பெரியவரு எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நடுவுல நின்னுட்டாரு. அதனால தப்பிச்சோம்.

அந்தாளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்குறீங்களா? ஜில்லாவுல எந்த விசேஷம்னாலும் மொதல் பந்தியில உக்கார்ற ஆளு சார் அவரு. யாருக்கு யாரு இன்னா வேணும்னு வூட்டு வூட்டுக்குத் தெரியும். எனக்கு வெயிட்டு தெரியும். அந்தாளுக்கு உறவு தெரியும்.

பாதி ஆட்டத்துல எல்லாரையும் நிறுத்தி வச்சு கிழிகிழின்னு கிழிச்சேன். "மைதானத்துல இன்னாடா சம்பந்தி? இன்னாடா குரு? கோட்டுக்குள்ள வந்துட்டா அப்பனா இருந்தாலும் தள்ளணும்டா! என்னைப் பாருங்கடா, நான் ஒருத்தன்தானே நிக்கிறேன்?"னேன். நெஜம் சார். எனக்கு எதிர்ல நின்னவன் எவனோ காட்பாடிக்காரன். எனக்கு அவனைத் தெரியாது, அவனுக்கு என்னைத் தெரியாது. தள்ளு தள்ளுன்னு தள்ளினேன். சாதிக் பாய் தலையைக் குனிஞ்சுகினு, "சரி பாய், இனிமே கட்டிப் புடிக்கிறதைச் சீக்கிரம் முடிச்சுக்கிறேன்"னாரு.

ஆட்டம் முடியப் போவுது. அவங்க மூணு பாயிண்ட்டு முன்னால. கடைசி வீச்சு. கோட்டுக்கு அந்தாண்ட நம்மாளு தனியா நிக்கிறான், அவனைச் சுத்தி ஒரு ஈ இல்ல. லோகு வீசினா ஆறு பாயிண்ட்டு, கப்பு நம்முளுது. சோளிங்கர்க்காரங்க முறுக்கைக் கீழ வச்சுட்டாங்க. அப்போ பாத்து எதிர்ல காட்பாடிக்காரனைத் தள்ளிட்டு எனக்கு நேர் எதிர்ல வந்து நின்னாரு சார், அந்தாளு.

ஒம்போது வருஷத்துல அவ்ளோ கிட்டப் பாக்கலை. ஹெல்மெட்டுக்குள்ள மீசை நரைச்சிருந்துச்சு. முன்னெல்லாம் கருகருன்னு இருக்கும். எங்க அக்காவைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு அந்த மீசையைப் பாத்துட்டு நான் உள்ள ஓடிப் போய்ட்டேன், அவ்ளோ பெரிய மீசை. சரி, அதை வுடுங்க.

விசில் அடிச்சுது. அந்தாளு ஓடியாந்தாரு. நான் நின்னேன். மலை மாதிரி நின்னேன். நின்னப்போ, இன்னா ஆச்சுன்னா சார், என் கால் வழுக்கிடுச்சு.

"பொட்டு மழை இல்ல, ரெண்டு மாசமா. மண்ணு சட்டி மாதிரி காஞ்சிருந்துச்சு."

நீ சும்மா இரு! ஆடுனவன் நானா நீயா? வழுக்கிடுச்சு சார். வழுக்கி அப்படியே ரெண்டடி ஓரமா போய்ட்டேன். கை ரெண்டும் இப்படி முன்னால சேந்துகிச்சு. வுழாம இருக்க யாரும் அப்படித்தான் கையை வச்சுக்குவாங்க.

"வாங்க மாமான்னு சொல்லி, கும்புட்டு, குனிஞ்சு வழி வுட்டாரு. சோளிங்கர் வேன் வரைக்கும் கேட்டுச்சு."

பாத்தீங்களா, இப்படித்தான் ஊர் முழுக்கச் சொல்லிக்கினு திரியறா. நான் சொல்லலை. ஹெல்மெட்டுக்குள்ள மூச்சு வாங்கினா வெளிய எப்படிக் கேக்கும்னு யாருக்குத் தெரியும்?

என்னைத் தாண்டிட்டாரு. நேரா லோகு. பையன் அப்படியே நிக்கிறான், பந்து கையில, வீசவும் தோணலை. எனக்கு உசுரு போச்சு சார். கப்பைப் பத்தி நெனைக்கவே இல்ல. பல்லு, மணை, கண்ணாலம், அவன் கொழந்தையில நடந்தது எல்லாம் கண்ணு முன்னால ஓடுது. "டேய் லோகு!"ன்னு கத்தறேன். அந்தாளு லோகுவாண்ட போயி நின்னாரு. நின்னு, மேலயும் கீழயும் பாத்தாரு. ஒம்போது வருஷம் முன்னால அவன் அந்தாளு நெஞ்சு ஒசரம்தானே? இப்போ அந்தாளே நிமுந்து பாக்கணும். ரெண்டு கையையும் அவன் கக்கத்துல குடுத்து, பந்தோட சேத்து அலாக்காத் தூக்கி, மெதுவா, ரொம்ப மெதுவா கீழ உக்கார வச்சாரு. அப்பால ஹெல்மெட்டைக் கழட்டி, "வாயைத் தொற"ன்னு சொல்லி, பல்லை எல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்தாரு.

ரெஃப்ரி விசில் அடிச்சுட்டான். பந்து வச்சிருக்கிறவன் உக்காந்துட்டா ஆட்டம் முடிஞ்சுதாம். தோத்துட்டோம். எதனால? என் கால் வழுக்கினதால. வேற எதுவும் காரணம் இல்ல.

அந்தாளு திரும்பி வந்தாரு. கப்பு வாங்கப் போவலை. எம்மூஞ்சியைப் பாக்காம, என் பக்கத்துல இருந்த கம்பத்தைப் பாத்து, "கண்ணாலம் எப்போ?"ன்னாரு. எனக்குச் சரியா கேக்கலை, ஹெல்மெட்டு இன்னும் தலையிலதான் இருந்துச்சு. எங்கூட்டம்மா கூட்டத்துல இருந்து ஓடியாந்து, "தை கடைசிண்ணா, அக்கா வந்துதான் நலங்கு வைக்கணும்ணா"ன்னா. அந்தாளு மீசையைத் தடவிக்கினே போய்ட்டாரு. போற அவசரத்துல ஜெயிச்ச பந்தை மைதானத்துலயே வுட்டுட்டாரு. அவங்க ஜெயிச்ச பந்து அவங்களுக்குத்தானே சேரணும்? அதைக் குடுக்கத்தான் சார் போறேன்.

இன்னாது? ஆமா, பைக்குள்ள பத்திரிகையும் இருக்குது. மஞ்சள் தடவினது. இருக்கட்டும், போறதோட போறது, வச்சுட்டு வந்தா இன்னா கொறைஞ்சா போச்சு?

ஒண்ணு சொல்றேன் சார். இந்தத் தடவை ரெண்டாம் பந்தி பேச்சுக்கே எடமில்ல. மொதல் பந்தி, மொதல் எலை, ஃபேனுக்குக் கீழ. எல்லாம் யோசிச்சு வச்சுட்டேன். எங்க லைனு அஞ்சு பேரும் கண்ணாலத்துக்கு வரானுங்க, கன்னியப்பன் கூட மலைக்குப் போயிட்டு வந்துட்டான். அஞ்சு பேரையும் அந்த எலையைச் சுத்தி நிறுத்தப் போறேன். மாமா கை கழுவிட்டு வர்ற வரைக்கும் ஒரு பய கிட்ட வர முடியாது. சுவரு சார், சுவரு!

"அவனுங்க மாமன் மச்சான் வந்து அந்த எலையில உக்காந்தா?"

இவ ஒருத்தி. எப்பவும் இப்படித்தான், நல்ல காரியம் பேசறப்போ.

சரி, உக்காரட்டும். அப்படி வந்தா நான் நிக்கிறேன். நானே நிக்கிறேன் அந்த எலையாண்ட. யாரு வந்தாலும் நகர மாட்டேன். சம்பந்தியே வந்தாலும் நகர மாட்டேன். இன்னாடி சிரிக்கிற? சார், நீங்களும் சிரிக்காதீங்க.

கலவை வந்துடுச்சு. பையைக் குடுங்க சார். பந்தை மேல வைங்க, பத்திரிகை கசங்கிடப் போவுது. தோ, பஸ் ஸ்டாண்டுல குடையோட நிக்கிறாரு பாத்தீங்களா, மீசை வச்சுகினு? எங்க மாமாதான். யாரு சொன்னாங்களோ தெரியலை, இந்த வெயில்ல வந்து நிக்கிறாரு. பக்கத்துல அக்கா. இரு இரு, சுலோச்சனா, நீ பின்னால வா. கொஞ்சம் காலை நகத்திக்குங்க சார், நான் மொதல்ல எறங்கணும்.

"பாத்து எறங்குங்க. கால் வழுக்கிடப் போவுது."